கோதாவரிக்குப் போன குந்தவை
(குரும்பகரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குந்தவை என்றதும் நம் எல்லோர் மனத்திலும் ஒரே உருவம்தான் எழும். ராஜராஜனின் தமக்கை, வந்தியத்தேவனின் துணைவி, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னால் வீட்டுக்கு வீடு தெரிந்த இளவரசி. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் திருமேனிகளும் அள்ளிக் கொடுத்த அந்தப் பெருமாட்டியைப் பற்றிப் பேச எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இன்னொரு குந்தவையை. அவள் ராஜராஜனின் மகள். அத்தையின் பெயரை வைத்து வளர்த்த அந்தப் பெண்ணை அவன் வேங்கி நாட்டுக்கு, கோதாவரிப் பக்கம், கட்டிக் கொடுத்தான். அவள் போன வழியிலேதான் பின்னால் சோழநாட்டுக்கு ஓர் அரசன் வந்தான். 1070 தொடங்கி 1279-இல் சோழர் ஆட்சி ஓயும் வரை, கங்கைகொண்ட சோழபுரத்து அரியணையில் முறைப்படி அமர்ந்தவர்கள் அவள் வழியினர்.

பாடப்புத்தகத்தில் இதை ஒரே வரியில் படித்திருப்போம். முதலாம் குலோத்துங்கன், சாளுக்கிய சோழன், சுங்கம் தவிர்த்தவன். எந்த ஊரில் பிறந்தவன், எந்த உரிமையில் இங்கே வந்தான், அவனைப் பெற்றவள் யார் என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் இடமில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்பவை கோதாவரிப் பக்கத்துச் செப்பேடுகள். அவற்றைப் படித்தால் சோழர் வரலாற்றின் பின்பாதி முழுவதுமே பெண் வழி வரலாறு என்பது விளங்கும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

சம்பந்தம் செய்து நாடு காப்பது சோழருக்கு ராஜராஜனோடு தொடங்கிய பழக்கமல்ல. முதலாம் ஆதித்தன் ராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனின் மகள் இளங்கோன் பிச்சியை மணந்தான். அவள் பெற்ற கன்னரதேவனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை, பராந்தகனுக்குக் கிடைத்தது. பேரனுக்காகப் பாட்டன் படையெடுத்து வந்து திருவல்லத்தில் தோற்றுத் திரும்பினான். அந்தப் பராந்தகனோ தன் மகள் வீரமாதேவியை ராஷ்டிரகூட நான்காம் கோவிந்தனுக்குக் கொடுத்தான். மருமகன் நாட்டை இழந்து மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பகையும் சேர்ந்து வளர்ந்ததன் முடிவுதான் 949-இல் தக்கோலத்தில் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டது. பெண் கொடுத்தாலும் எடுத்தாலும், ஒரு தலைமுறையோடு நின்றுபோன சம்பந்தம் காப்பாற்றாது என்பதைச் சோழர் குடும்பம் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டது.

சோழர் காலத்திலேயே உலகின் மறுகோடியில் நடந்த ஒரு கல்யாணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அயர்லாந்துத் தீவில் லெய்ன்ஸ்டர் என்ற நாட்டை ஆண்டவன் டெர்மட் மெக்மரோ. 1166-இல் பகைவர்கள் அவனைத் துரத்திவிட்டார்கள். கடல் கடந்து போய் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டான். ஹென்றியின் அனுமதியோடு நார்மன் பிரபுக்களை ஆள் சேர்த்தான். அவர்களில் பெரியவன் ஸ்ட்ராங்போ என்று பெயர் பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். அவன் வாள் தூக்குவதற்கு டெர்மட் பேசிய விலை, தன் மகள் ஈஃபாவும் தனக்குப் பின் லெய்ன்ஸ்டரும். 1170 ஆகஸ்டில் வாட்டர்ஃபோர்டு நகரம் பிடிபட்டது. அங்கேயே கல்யாணமும் நடந்தது. டேனியல் மக்லீஸ் என்ற ஓவியர் 1854-இல் அந்தக் கல்யாணத்தைப் பெரிய திரையில் வரைந்தார். டப்ளின் தேசிய ஓவியக் கூடத்தில் இன்றும் பார்க்கலாம். மணமகள் தலை குனிந்து நிற்கிறாள். மணமக்களைச் சுற்றிப் பிணங்கள் கிடக்கின்றன.

அயர்லாந்தின் பழைய வழக்கப்படி அரச பதவி மகளோடு போகாது. ஆண்வழி உறவினருள் தகுதியானவனைத் தேர்ந்தெடுப்பார்கள். ஈஃபாவுக்குச் சகோதரர்களும் இருந்தார்கள். ஆனால் நார்மன் சட்டத்தில் வாரிசான பெண்ணோடு நிலமும் போகும். மறு ஆண்டே டெர்மட் இறந்தான்; ஸ்ட்ராங்போ தன் சட்டத்தைக் காட்டி லெய்ன்ஸ்டரை எடுத்துக்கொண்டான். அவனுக்கும் ஈஃபாவுக்கும் பிறந்த இசபெல் 1189-இல் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலப் பிரபுவை மணந்தபோது லெய்ன்ஸ்டரும் அவளோடு போயிற்று. மார்ஷலின் ஐந்து மகன்களும் வாரிசில்லாமல் இறந்தார்கள். 1245-இல் கடைசி மகனும் போன பிறகு அந்த நாடு ஐந்து சகோதரிகளின் வழியினருக்குப் பங்கு போடப்பட்டது. ஒரு கல்யாணத்தில் வெளியாள் கைக்குப் போன நாடு மூன்றாம் தலைமுறையில் துண்டு துண்டானது.

காரைக்கால் மண்ணில் வாழும் உங்களுக்கு, ஒரு கல்யாணத்தோடு ஒரு நாட்டின் சட்டமும் வீட்டுக்குள் வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1962-இல் இந்தப் பகுதி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா வீட்டுச் சம்பந்தம் என்றால் பாரிஸுக்கு ஒரு வழி திறக்கும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் கணக்குப் போட்டதும் உண்டு. அது தவறென்று நான் சொல்லவில்லை. எந்த வீட்டுச் சட்டம் எந்த வீட்டை ஆளப்போகிறது என்ற கேள்வி எல்லாச் சம்பந்தத்திலும் இருக்கிறது. அரச குடும்பத்தில் அந்தக் கேள்விக்குப் படைகள் விடை சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது வேங்கிக்குப் போவோம். கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் நடுவே உள்ள நாடு அது. காவிரிக் கடைமடையில் நெல் விளைவிக்கும் உங்களுக்கு அந்த நிலம் அந்நியமாகத் தோன்றாது. அதே வண்டல், அதே வாய்க்கால். அங்கே ஆண்டவர்கள் கீழைச் சாளுக்கியர். 973-இல் தானார்ணவன் என்ற வேங்கி அரசனைத் தெலுங்குச் சோடர் குலத்து ஜடாசோட பீமன் கொன்று நாட்டைப் பிடித்தான். அதன் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் அந்நாடு தலைவனில்லாமல் கிடந்தது என்று சாளுக்கியச் செப்பேடுகள் எழுதுகின்றன. பகைவன் ஆண்ட காலத்தை ஆட்சியாகவே கணக்கில் சேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தானார்ணவனின் மகன்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் தெற்கே ஓடிவந்து சோழரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். ராஜராஜன் படை அனுப்பிச் சக்திவர்மனை வேங்கியில் அமர்த்தினான். தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையைக் கொடுத்தான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டெர்மட் நாட்டை இழந்தவன். பெண்ணைக் கொடுத்துப் படை வாங்கினான். ராஜராஜன் கையில் படை இருந்தது. நாட்டை இழந்து வந்த குடும்பத்துக்குப் பெண்ணும் கொடுத்து நாடும் கொடுத்தான். இரண்டு பெண்களும் அரசியலுக்காகவே மணம் செய்து கொடுக்கப்பட்டவர்கள்தான். ஆனால் ஈஃபா போனது அவள் தகப்பனைவிடப் பலசாலியான வீட்டுக்கு. குந்தவை போனது தன் பிறந்தகத்தின் தயவில் நிமிர்ந்து நின்ற வீட்டுக்கு. கட்டிய கணவன் தன் தகப்பனின் கடனாளி என்றால் புகுந்த வீட்டில் ஒரு பெண்ணின் நிலை எப்படி இருக்கும் என்பது இங்குள்ள தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விமலாதித்தன் திருவையாற்றுக் கோயிலுக்குக் கொடை கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. வேங்கி மருமகன் மாமனாரின் நாட்டில், மாமியார் வீட்டார் கட்டிய கோயில்கள் நிற்கும் தலத்தில், தன் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறான்.

குந்தவைக்குப் பிறந்த மகனுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ராஜராஜன். தாய்வழிப் பாட்டன் பெயர். வரலாற்றில் அவன் ராஜராஜ நரேந்திரன். கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரம் அவனோடு சேர்த்துப் பேசப்படும் நகரம். அவன் கேட்டுக்கொண்டதால்தான் நன்னயர் பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார்; தெலுங்கர் அவரை ஆதிகவி என்று கொண்டாடுகிறார்கள். சோழன் மகள் வயிற்றுப் பிள்ளை தெலுங்குக் காவிய மரபின் முதல் புரவலன். நம் மேடைகளில் இந்தச் செய்தியைச் சொல்லக் கேட்பது அரிது. ஆந்திரத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த இந்த அரசனின் தாய் தஞ்சைப் பெண் என்பதை நாமும் நம் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

ஆனால் அவன் பட்டத்துக்கு வந்தது எளிதாக நடக்கவில்லை. விமலாதித்தனுக்கு மேளமா என்று இன்னொரு அரசி. அவள் மகன் விஜயாதித்தன். இரண்டு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் போட்டி மூண்டது. குந்தவை மகனுக்குச் சோழர் துணை. மேளமா மகனுக்கு, கர்நாடகத்தை ஆண்ட கல்யாணிச் சாளுக்கியர் துணை. தகப்பன் இறந்து சில ஆண்டுகள் கழித்து 1022-இல்தான் ராஜராஜ நரேந்திரன் முடி சூட முடிந்தது. அதுவும் தாய்மாமன் ராஜேந்திரன் அனுப்பிய படையின் துணையோடு. தாய்மாமன் சீர் என்றால் நமக்குப் பட்டும் தட்டும் நினைவுக்கு வரும். இந்தத் தாய்மாமன் யானையும் குதிரையும் அனுப்பினான்.

அந்தச் சீருக்கு விலை கொடுத்தவர்கள் இங்கிருந்து போன வீரர்கள். இன்றைய ஆந்திரத்தில் கொல்லேறு ஏரிப் பக்கம் கலிதிண்டி என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த ராஜராஜ நரேந்திரனின் செப்பேடு, கர்நாடகப் படையோடு பொருது மாண்ட தமிழ்ப் படைத்தலைவர்கள் மூவருக்காக அவன் சிவன் கோயில்கள் எடுத்து நிலம் விட்டதைப் பதிவு செய்கிறது. சோழ இளவரசி ஒருத்தியின் மகன் பட்டத்தில் நீடிப்பதற்காக, வீட்டிலிருந்து இவ்வளவு தொலைவில், அந்த ஏரிக்கரையில் விழுந்தவர்கள் அவர்கள். மருமகன்களின் போரில் செத்த காவிரிக் கரைச் சிப்பாய்களின் பெயர்களை எந்தச் செப்பேடும் எழுதவில்லை. தலைவர்கள் மூவரையாவது ஓர் அரசன் மறக்காமல் கோயில் கட்டி நினைத்தானே என்பதில் எனக்கு அவன் மேல் ஒரு மரியாதை.

இப்போது நான் சொல்ல வந்ததின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையை இதே ராஜராஜ நரேந்திரனுக்குக் கொடுத்தான். அம்மங்கைக்கு அவன் அத்தை மகன். அவனுக்கு அவள் மாமன் மகள், முறைப்பெண். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு மறுபடியும் தாய்வழிப் பாட்டன் பெயர், ராஜேந்திரன். பின்னாளில் குலோத்துங்கன் ஆனவன் இவன்தான். இவனுக்கு, பாட்டன் ராஜேந்திரனின் மகனான இரண்டாம் ராஜேந்திரன் தன் மகள் மதுராந்தகியைக் கொடுத்தான். மறுபடியும் மாமன் மகள். மூன்று தலைமுறை, மூன்று பெண்கள், ஒரே பாதை. நம் கிராமங்களில் இன்றும் கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள் செய்வதைத்தான் பேரரசர்கள் செய்தார்கள். மானுடவியலாளர் தாமஸ் டிரவுட்மன் திராவிட உறவுமுறை பற்றி 1981-இல் எழுதிய பெரிய நூலில் இந்தச் சோழ-சாளுக்கிய மணங்களை உதாரணமாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

அம்மங்கை வேங்கிக்குப் போனபோது அங்கே அவளுக்கு மாமியார் முறை யாருக்கு? அவள் அப்பாவின் கூடப்பிறந்த குந்தவைக்கு. மதுராந்தகிக்கு மாமியார் முறை யாருக்கு? அவள் அப்பாவின் கூடப்பிறந்த அம்மங்கைக்கு. சோழப் பெண்கள் அத்தை வீட்டுக்குப் போனார்கள். மொழி வேறு, ஊர் வேறு, ஆனால் அந்த அரண்மனையில் தன் அப்பாவோடு கூடப்பிறந்து வளர்ந்த உறவு ஒன்று முன்னமே வேரூன்றியிருந்தது. பிறந்தகத்துப் பேச்சு தெரிந்த பணிப்பெண்களும், பிறந்தகத்துக் கோயில் வழக்கம் தெரிந்த அந்தணர்களும் முந்தைய மருமகளோடு வந்திருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு. ஈஃபாவுக்கு இப்படி ஓர் அத்தை இல்லை. அயர்லாந்தில் அந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தொடர் உண்டாகவில்லை, போனது போனதுதான். இங்கே மறுபடி மறுபடி கொடுத்ததால் மருமகன் வீட்டில் பாதி இரத்தம், பிறகு முக்கால் இரத்தம், சோழ இரத்தமாயிற்று.

பெயரிலும் இது தெரிகிறது. அம்மங்கையின் மகளுக்கு, அதாவது குலோத்துங்கனின் தங்கைக்கு, வைத்த பெயர் குந்தவை. பாட்டியின் பெயர். இந்த மூன்றாவது குந்தவை பிற்காலத்தில் தில்லைக் கோயிலுக்குச் செய்த கொடை 1114-ஐ ஒட்டிய கல்வெட்டில் இருக்கிறது. பொன்னால் செய்த நீர்க் கலம் கொடுத்தாள், கூரைக்குப் பொன் வேய்ந்தாள். காம்போச நாட்டரசன் குலோத்துங்கனுக்குக் காட்டிய ஒரு கல்லை அரசன் ஆணைப்படி கோயிலில் பதித்த செய்தியும் அங்கேயே இருக்கிறது. இவ்வளவுக்கும் இவள் தகப்பன் வழியில் சாளுக்கியப் பெண். வேங்கிக்குப் போன குந்தவையின் பேத்தி சிதம்பரத்தில் சோழர் குலதெய்வத்துக்குச் செய்யும் திருப்பணியைத் தன் வீட்டுத் திருப்பணியாகவே செய்கிறாள்.

இன்னும் ஒன்று. ராஜராஜனின் பாட்டனான அரிஞ்சயனுக்கு வீமன் குந்தவை என்று ஓர் அரசி இருந்தாள். அந்த வீமன் வேங்கிச் சாளுக்கிய பீமன்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது சரியென்றால் குந்தவை என்ற பெயரே வேங்கியிலிருந்து இங்கே மருமகளாக வந்து, இங்கே மகளாகி, மறுபடி அங்கே போய்த் திரும்பியிருக்கிறது.

1070-க்கு வருகிறேன். வீரராஜேந்திரன் அப்போது சோழ மன்னன். ராஜேந்திரனின் இன்னொரு மகன். அவனுக்கும் ஒரு மகள். கல்யாணிச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தனோடு போரிட்டுக் களைத்தபின் அவனுக்கே அவளைக் கொடுத்துச் சமாதானம் செய்தான். காஷ்மீரத்துக் கவி பில்கணன் 'விக்கிரமாங்கதேவ சரித'த்தில் இந்தக் கல்யாணத்தை விரிவாகப் பாடுகிறான். துங்கபத்திரைக் கரை, சோழன் தூது, சமாதானம் எல்லாம் வருகின்றன. ஆனால் மணப்பெண்ணின் பெயர் அந்தக் காவியத்தில் இல்லை. தோற்ற பகைவன் மகளின் பெயர் எதற்கு என்று நினைத்தானோ என்னவோ! ஆயிரம் ஆண்டு கழிந்தும் எனக்கு இது உறுத்துகிறது. அவளும் குந்தவையின் அண்ணன் பேத்திதான். ஆனால் அவள் போன அரண்மனையில் அத்தை இல்லை. தன் தாத்தாவும் பெரியப்பாக்களும் தீ வைத்து வந்த ஊருக்கு அவள் மருமகளாகப் போனாள். பெரியப்பன் ராஜாதிராஜன் 1054-இல் கொப்பத்தில் இறந்தது அந்த வீட்டாரின் படைகளோடு பொருது.

வீரராஜேந்திரன் 1070-இல் இறந்தான். நாட்டில் கலகம். மருமகன் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் பிறகு கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து, மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்தி, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினான். அவன் துங்கபத்திரையை அடைந்து சில நாள்களுக்குள் மைத்துனன் கொலையுண்டான், ராஜிகன் பட்டத்தைப் பிடித்தான் என்ற செய்தி எட்டியது. இதுவும் பில்கணன் சொல்வதுதான். அந்த ராஜிகன்தான் வேங்கி ராஜேந்திரன், அம்மங்கையின் மகன், மதுராந்தகியின் கணவன். வேங்கியைச் சிற்றப்பன் விஜயாதித்தன் பிடித்து வைத்திருந்ததால் பிறந்த நாட்டில் இடமில்லாமல் வடக்கே சக்கரக்கோட்டம் வரை படை நடத்திக்கொண்டிருந்தவன். 1070 ஜூனில் சோழ மன்னனானான். குலோத்துங்கன் என்ற பெயர் பிறகு நிலைத்தது.

எந்த உரிமையில்? தாய் உரிமையில், மனைவி உரிமையில். ஜெயங்கொண்டார் 'கலிங்கத்துப் பரணி'யில் அவதாரம் பாடும் பகுதியில் இதைத்தான் கதையாக்குகிறார். கங்கைகொண்ட சோழனின் தேவி மகள் வயிற்றுப் பேரனைக் கையில் ஏந்தி, அவனைத் தங்கள் குலத்துக்கே உரிய பிள்ளையாகக் கண்டு மகிழ்கிறாள். இதைக் கொண்டே, பாட்டி அவனைச் சோழருக்குச் சுவீகாரமாக எடுத்தாள் என்று எழுதிய வரலாற்று ஆசிரியர்களும் இருந்தார்கள். சுவீகாரம் நடந்ததோ இல்லையோ, ஒரு தமிழ்ப் புலவன் ஆண்வழி இல்லாத அரசனுக்கு நியாயம் சொல்ல வேண்டியபோது அவன் தேடிப் போய்ப் பிடித்தது பாட்டியின் மடியை.

ஸ்ட்ராங்போ லெய்ன்ஸ்டருக்கு வந்தபோது அவன் நார்மனாகவே வந்தான், நார்மன் சட்டத்தோடு வந்தான். குலோத்துங்கன் வந்தபோது விஷ்ணுவர்தனன் என்ற சாளுக்கியப் பட்டப் பெயரை இங்கே முன்னால் வைக்கவில்லை. சோழரின் ராஜகேசரிப் பட்டம் சூடினான், புலிக்கொடி பிடித்தான், தமிழில் மெய்க்கீர்த்தி எழுதச் செய்தான், தில்லைக்குத் தலை வணங்கினான். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு ஆண்டான். சாளுக்கிய சோழர் என்று அவனையும் அவன் பின்னோரையும் தனிப் பெட்டியில் அடைத்தவர்கள் பிற்கால ஆசிரியர்கள். அவன் காலத்துக் கல்வெட்டுகள் அவனைச் சோழன் என்றே எழுதுகின்றன. நான் கல்வெட்டுப் பக்கம்தான் நிற்பேன். தாயும் பாட்டியும் மனைவியும் சோழர் வீட்டுப் பெண்களாக இருக்கிற ஒருவனை வெளியாள் என்பது, தாய்க்கு இரத்தமே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி லெய்டன் பெரிய செப்பேட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதே விகாரைக்கான சிறிய செப்பேடு குலோத்துங்கன் காலத்தது. கொள்ளுப்பாட்டன் கொடுத்த தானத்துக்குக் கொள்ளுப்பேரன் பொறுப்பேற்கிறான். இந்தக் கடற்கரையிலேயே, உங்களுக்கு அருகிலேயே, அந்தத் தொடர்ச்சி நடந்தது.

அவன் பிள்ளைகளின் கதை செல்லூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890-இல் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் நூலகங்களில் படிக்கலாம். மதுராந்தகி ஏழு மகன்களைப் பெற்றாள். சிற்றப்பன் விஜயாதித்தன் இறந்தபின் குலோத்துங்கன் மகன்களை ஒருவர் பின் ஒருவராக வேங்கிக்கு அனுப்பினான். முதலில் போன ராஜராஜ மும்முடிச் சோழன் ஓராண்டு ஆண்டுவிட்டு, அந்த ஆட்சியைவிடத் தாய் தந்தையர் காலடியில் இருப்பதே மேல் என்று திரும்பி வந்துவிட்டானாம். தகப்பன் பிறந்த மண் மகனுக்கு அயலூர் ஆகிவிட்டது. ஒரே தலைமுறையில் தாய் வீடு சொந்த வீடாயிற்று.

தொடராத சம்பந்தம் என்ன செய்யும் என்பதற்குக் கலிங்கம் சாட்சி. கலிங்கத்துக் கங்க அரசன் ராஜராஜ தேவேந்திரவர்மன் சோழன் மகள் ராஜசுந்தரியை மணந்தான். அவர்கள் மகன் அனந்தவர்மன் சோடகங்கன். பூரியில் ஜகந்நாதர் பெருங்கோயிலைத் தொடங்கியவன். தாயின் குலத்தைப் பெயரிலேயே சுமந்தவன். அவன் மேல்தான் குலோத்துங்கன் 1110-ஐ ஒட்டிக் கருணாகரத் தொண்டைமானை அனுப்பினான், அதுதான் நாம் பாராட்டிப் படிக்கும் கலிங்கப்போர். பரணியை இனி எடுத்துப் படிக்கும்போது, தோற்று ஓடும் அந்த அரசனும் ஒரு சோழப் பெண்ணின் பிள்ளை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

இலங்கையில் ஒருவர் பெண் கொடுக்கவே மறுத்தார். சோழரைத் தீவிலிருந்து வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் தங்கை மித்தாவைச் சோழ அரசன் பலமுறை கேட்டும் அவர் இசையவில்லை, பாண்டிய இளவரசன் ஒருவனுக்கே கொடுத்தார் என்று சூளவம்சம் சொல்கிறது. தம் குலம் நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தாராம். அந்த மித்தாவின் பேரன்தான் மகா பராக்கிரமபாகு. சோழர் வீட்டுச் சம்பந்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விஜயபாகு வேங்கியைப் பார்த்துத் தெரிந்திருப்பார்.

கடைசியாக, உங்களுக்குப் பக்கத்து ஊருக்கே வருகிறேன். மயிலாடுதுறை அருகே பல்லவராயன்பேட்டை. அங்கே கோயில் கல்வெட்டில் இரண்டாம் ராஜராஜன் காலத்து நெருக்கடி எழுதப்பட்டிருக்கிறது. அரசனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும். வாரிசாக வளர்ந்த ஆள் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்த, விக்கிரம சோழனின் பேரனும் நெறியுடைப்பெருமாளின் மகனுமான எதிரிலிப்பெருமாளுக்கு இளவரசுப் பட்டம் கட்டுகிறார்கள். அரசன் இறந்ததும், அமைச்சர் பல்லவராயர் குழந்தைகளை ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து பத்திரமாக வெளியேற்றிக் காத்து, பின்னர் எதிரிலிப்பெருமாளை ராஜாதிராஜனாக முடி சூட்டுகிறார். விக்கிரம சோழனுக்கு இவன் மகள் வயிற்றுப் பேரன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக, நூறு ஆண்டுக்குள் இரண்டாம் முறையாக அரியணை பெண் வழியே இறங்கியிருக்கிறது. முதல் முறை கலகமும் கொலையும் நடந்தன. இந்த முறை மந்திரிகளும் படைத்தலைவர்களும் கூடிப் பேசி முடித்தார்கள். குலோத்துங்கன் வந்த வழி அதற்குள் ஒப்புக்கொள்ளப்பட்ட வழியாகிவிட்டது.

அந்தக் கல்வெட்டில் பாட்டனின் பெயர் இருக்கிறது, தகப்பனின் பெயர் இருக்கிறது, காப்பாற்றிய அமைச்சரின் பெயர் முழு விருதுகளோடு இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. இங்கே வந்திருக்கும் வரலாற்று மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுங்கள். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் மூவர் காலத்திலும் அரச குடும்பத்துப் பெண்கள் கோயில்களுக்குக் கொடுத்த விளக்குகளும் நிலங்களும் ஆடுகளும் கல்வெட்டுத் தொகுதிகளில் இருக்கின்றன. மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, பெண் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, யார் யாருக்கு மகள், யார் யாருக்கு மனைவி என்று வரிசைப்படுத்த வேண்டும். நெறியுடைப்பெருமாளின் மனைவி அந்தப் பட்டியலில் எங்காவது கிடைக்கக்கூடும். விடுமுறையில் பல்லவராயன்பேட்டைக்குப் போய் மூலத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.